விளை, விலை

மூன்றாவது டாப்லெட்டைக் கண்ணாடி மேசையில்
வைக்கிறான் ஷிஜு.
சத்தத்தில் தெரிகிறது, இது கொஞ்சம் கனம்.
"சேச்சி, டிஸ்ப்ளே அடிபொளி.
வெயிலத்துகூட பளிச்சுண்ணு காணும்."
சொல்லி முடித்த பிறகுதான்
தன் வாயை அவனே கேட்கிறான்.
சாரமில்ல பிள்ளே,
வெயில் எனக்கும் அடிக்கும்.

களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்கு ஆட்டோ.
செக்போஸ்ட் தாண்டியதும் ரோட்டின் சத்தம் மாறும்.
டயருக்குத் தெரியும் எந்த மாநிலம் என்று.
கடைக்குள் கைபிடித்து ஏற்றிவிட்ட
ஆட்டோக்காரரிடம் கேட்டார் முதலாளி:
"இவர்க்கு எந்தா வேண்டது?"
ஆட்டோக்காரருக்கு வேண்டியது எண்பது ரூபாய்.
கொடுத்து அனுப்பினேன்.
எனக்கு வேண்டியதை நான் சொன்னேன்.

முதலாவது மலிவு.
விரல் வைத்த இடமெல்லாம்
பட்டன், பட்டன், பெயரில்லாத பட்டன் என்றது.
வீட்டு நம்பர் எழுதாத தெருவில்
ஒவ்வொரு கதவாகத் தட்டி
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடப்பது போல.
இயர்போன் குத்த ஓட்டையும் இல்லை.
என் காரியமெல்லாம் ஊர் கேட்கவா?
எடுத்து வை.

இரண்டாவது நல்ல பேச்சுக்காரி.
ஆனால் தொட்டால்
ஒரு மிடறு சாயா இறங்கும் நேரம் யோசிக்கிறாள்.
அதற்குள் விரல் அடுத்த வரிக்குப் போய்விடும்.
பதில் வேறொரு கேள்விக்கு வந்து சேரும்.
சோதிக்க என் ஊரை அடித்தேன்.
வாசித்தாள்:
களியக்காவிலை.

விளையை விலையாக்கிவிட்டாள்.
தென்னை நின்ற மண், மரச்சீனி நட்ட மண்,
அப்பன் கடனில் அரையேக்கர் போன மண்,
மொத்தத்தையும் ஒரே மூச்சில்
ஏலத்துக்கு விட்டாயேடி.

மூன்றாவதிலும் அடித்தேன்.
களியக்காவிளை.
நாக்கு மடங்கி, அண்ணத்தைத் தொட்டு,
பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கத்துகிற
கிளீனர் பையன் மாதிரியே.
"எத்தற?" என்றேன்.
நாலாயிரம் அதிகம்.
விளைக்கும் விலைக்கும் நடுவில்
நாலாயிரம்.

இன்னும் முடியவில்லை.
மூன்று விரலால் மூன்று தட்டு.
"அய்யோ, செத்துப்போயி!" ஷிஜு பதறினான்.
"சாகவில்லை. திரையை அணைத்தேன்.
எனக்கு எதற்கு வெளிச்சம்,
பாட்டரிக்குத்தான் கேடு."
இருண்ட கண்ணாடியில்
நான் செய்தித்தாள் திறந்தேன், மூடினேன்,
ரப்பர் ஷீட் விலை பார்த்தேன்,
எழுபத்தாறைப் பன்னிரண்டால் பெருக்கினேன்.
முதலாளியின் நாற்காலி
கிட்டே நகரும் சத்தம்.
அதன்பிறகு அவர் யாரிடமும்
என்னைப் பற்றிக் கேட்கவில்லை.

பட்டன் போனிலிருந்த சிம்மைக் கழற்றிப் போட்டான் ஷிஜு.
"பின் நம்பர் பறஞ்ஞோ சேச்சி, ஞான் இடாம்."

இதுவரை என் நம்பர் தெரிந்தவர்கள் ஆறு பேர்.
அண்ணன், அண்ணி, ஸ்கூலில் ரெண்டு டீச்சர்மார்,
பாங்கு மேனேஜர், அவர் மாறிப்போனபின் வந்தவர்.
நல்லவர்கள்தான். நல்லவர்கள் என்பதால்தான்
மாற்றச் சொல்ல வாய் வரவில்லை.
இயர்போனை மாட்டினேன்.
புது நம்பர். நான்கு இலக்கம்.
ஒவ்வொன்றும் என் காதுக்குள் மட்டும்.

திரும்புகையில் பஸ்ஸில் ஜன்னலோரம்.
மீன்கூடை, டீசல், யாரோ பிய்த்த நேந்திரங்காய் சிப்ஸ்.
சிம்மில் கிடந்த மெசேஜ்களை
மேலிருந்து கீழே தடவிப் போனேன்.
பிரைஸ்லின், போன ஓணத்துக்கு அனுப்பியது.
அண்ணி வாசித்துத் தந்தாள் அன்று:
"புக் பார்சல் கிட்டிச்சா?"
அதோடு நிறுத்தி, தொண்டையைச் செருமி,
அடுப்பைப் பார்க்கப் போனாள்.
அதற்குக் கீழே ஒரு வரி இருந்திருக்கிறது.

பத்து மாதம்.

பக்கத்து சீட்டு அக்கா தோளைத் தட்டினார்:
"மக்ளே, உனக்க சாமானம் அணைஞ்சு கெடக்கு பாத்தியா?
ஒண்ணும் தெரியல்ல."
இல்லக்கா, என்றேன்.
வாசிச்சுட்டு இருக்கேன்.
இன்னொரு தடவ.